தெருமுனைக் குழாய்க்கு ஓர் உரிமம்

1

கேள்வி ஒன்றும் கஷ்டமானதில்லை. "உங்க தண்ணியை எத்தனை குடும்பம் குடிக்குதும்மா?" என்று பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க் பசவராஜு கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

குடிநீர் வழங்கும் உரிமத்தைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். அதை வாங்கி ஒரு வருடம் ஆகிறது. பெங்களூருவை ஒட்டிய ஹெப்பகோடியில் நாங்கள் இருக்கும் தெருவுக்கு என் வீட்டுப் போர்வெல்லிலிருந்துதான் குடிதண்ணீர் போகிறது. காகிதத்தில் 'நடத்துபவர்' என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. ஆரணியில் பத்தாவது படித்து, தட்டச்சு கற்று, கல்யாணமாகி இங்கே வந்த வசந்தா, கர்நாடகத்தில் ஒரு குடிநீர்த் திட்டத்தை நடத்துகிறாள் என்றால் ஊரில் இருக்கும் நீங்கள் யாரும் நம்ப மாட்டீர்கள். நானே சில நாள் எடுத்துப் படித்துப் பார்த்துக்கொள்வேன். கன்னடத்தில் இருப்பதால் என் பெயரை மட்டும்தான் படிக்க முடியும்.

போன வருடம் கேட்டிருந்தால் வீடு வீடாக ஒப்பித்திருப்பேன். வழக்கத்தைவிட ஒரு குடம் கூடுதலாகப் பிடித்தால் அந்த வீட்டில் விருந்தாளி. புருஷன் வந்து பிடித்தால் அவள் மாசமாக இருக்கிறாள், அல்லது சண்டை. இப்போது எண்ணிக்கையே தெரியாமல் விழித்தேன்.

பசவராஜு பேனாவை மூடி வைத்துவிட்டார். "பார்த்துட்டு நாளைக்கு வந்து சொல்லுங்க. அந்தக் கட்டத்தைக் காலியா விட முடியாது" என்றார். அவர் மண்டியாக்காரர். பேசுவதெல்லாம் கன்னடம்தான். நான் பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பதில் சொல்வேன். அவர் பேச்சை உங்களுக்காக இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

2

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுகிறார்கள், விசாவைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு அந்த யோகமெல்லாம் இல்லை. காலையில் ஆரணியில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கர்நாடக எல்லை, அத்திபெலே வந்துவிடும். "பெங்களூரு என்ன, பக்கம்தானே" என்று என் தங்கை முப்பது தடவையாவது சொல்லியிருப்பாள். ஒரு தடவைகூட வந்ததில்லை. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்க யாரும் புறப்படுவதில்லை. அமெரிக்காவில் இருந்திருந்தால் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்திருப்பாள்.

தொண்ணூற்றொன்றில் வந்தோம். அந்த வருடக் கடைசியில் காவிரிக் கலவரத்தில் இந்த ஊரில் தமிழர்களுக்கு என்ன நடந்தது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் எழுதப் போவதில்லை. பெங்களூருவில் ஒரு தமிழச்சி தண்ணீரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் காவிரியைத்தான் இழுப்பாள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். என்னுடையது பூமிக்கு அடியிலிருந்து மோட்டார் போட்டு எடுக்கிற தண்ணீர்.

வீட்டுக்காரர் இங்கே ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டர். லோன் போட்டு மனை வாங்கி வீடு கட்டினோம். அரசாங்கக் குழாய் எட்டாத லேஅவுட். எல்லோரும் போர் போட்டார்கள், எங்களுக்கு மட்டும் நல்ல தண்ணீர் விழுந்தது. மற்றவர்களுடையதில் உப்பு, அல்லது வெறும் காற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டுக்கு உள்பக்கம், சம்ப்பு என்கிற தரைக்கடித் தொட்டிக்கு மேலேயே ஒரு குழாயை வைத்துவிட்டு, "குடிக்கிறதுக்கு மட்டும் யார் வேணா புடிச்சிக்கட்டும், வசந்தா. ஒரு மணி நேரம் மோட்டார் ஓடினா நாம ஒண்ணும் கரைஞ்சிட மாட்டோம்" என்றார்.

எனக்கு அப்போது அது பிடிக்கவே இல்லை. ஆரணியில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு நகராட்சிக் குழாய். ஒன்றுவிட்டு ஒரு நாள் வரும். குடத்தை வைத்து இடம் பிடிப்போம், குடம் இல்லாதவர்கள் கல்லை வைத்து இடம் பிடிப்பார்கள், அந்தக் கல்லை இன்னொருத்தி காலால் தள்ளிவிடுவாள். அப்புறம் என்ன, வாய்ச்சண்டைதான். பொண்ணு பார்க்க வந்தவர்களிடம் நான் மனசுக்குள் கேட்ட ஒரே கேள்வி, வீட்டுக்குள் குழாய் உண்டா என்பதுதான். சொந்தமாகக் குழாய் வந்த பிறகு, அதே வரிசையை என் வாசலுக்கே கூட்டி வந்துவிட்டாரே என்று இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் போய் நாலு வருடம் ஆகிறது. வேலைக்குப் போன இடத்தில் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய மறுநாள், என்ன செய்வது என்று தெரியாமல் படுத்தே கிடந்தேன். கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு நாகரத்னம்மா குடத்தோடு நின்றிருந்தாள். "அக்கா, மோட்டார் போடுங்க. மக்கள் எல்லாம் வந்து நின்னாச்சு" என்றாள். எழுந்து போய் மோட்டாரைப் போட்டேன். துக்கம் கேட்க வந்த யாரும் எனக்கு அவ்வளவு பெரிய உபகாரம் செய்யவில்லை.

அன்றிலிருந்து என் நாளில் பேச்சு என்று இருந்தது அந்தக் காலை நேரம்தான். தமிழ், கன்னடம், நூருன்னிசாவின் உருது, ஒரு தெலுங்குக்காரி, எல்லாம் கலந்து ஒரே இரைச்சலாக இருக்கும். நானும் படியில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்து அந்த இரைச்சலில் என் பங்கைச் சேர்ப்பேன். பிறகு கேட்டைச் சாத்தினால் மறுநாள் காலை வரைக்கும் டி.வி.தான்.

3

எனக்கு ஒரே பிள்ளை. பாஸ்கர். மல்லேஸ்வரத்தில் இருக்கிறான். இரண்டு பஸ் மாற வேண்டும், டிராஃபிக்கில் அரை நாள் போய்விடும். மருமகள் கன்னடக்காரி, நல்ல பெண், என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார்கள்.

பேரனுக்கு நான் அஜ்ஜி. பாட்டி என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். 'பாட்டி அஜ்ஜி' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னான், சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அவன் என்னோடு தமிழில் பேச ஆரம்பிப்பான், இரண்டாவது வாக்கியத்தில் கன்னடம் வரும், மூன்றாவது இங்கிலீஷ், நாலாவதில் எழுந்து போய்விடுவான். அது அவன் குற்றம் இல்லை. ஆனாலும் அவன் எழுந்து போகும்போது மனசு சுருங்கிப்போகிறது.

பாஸ்கர் கூப்பிடாமல் இல்லை. "இந்த வீட்டை வாடகைக்கு விட்டுட்டு வாங்கம்மா" என்று வருகிறபோதெல்லாம் சொல்கிறான். போய் ஒரு வாரம் இருந்தும் பார்த்தேன். அங்கே எல்லாரும் என்னை நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள். நாலாவது மாடி. காலையில் அவரவர் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு என் கதவைத் தட்ட யாருக்கும் எந்தக் காரணமும் இல்லை. எட்டாவது நாள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

4

போன வருடம் சித்திரையில் பக்கத்து லேஅவுட்டில் குழந்தைகளுக்கு வாந்தி பேதி வந்தது. ஏதோ டேங்கர் தண்ணீர் என்றார்கள். உடனே பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. சொந்தப் போர்வெல்லிலிருந்து பொதுஜனங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பவர்கள் உரிமம் வாங்க வேண்டும், வாங்காதவர்கள் மழைக்காலம் முடிவதற்குள் நிறுத்திவிட வேண்டும்.

நோட்டீசைப் படித்துக் காட்டியது நாகரத்னம்மாவின் மகள். படித்து முடித்ததும் குழாயடியில் அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பாஸ்கருக்கு போன் போட்டேன். "நல்லதாப் போச்சும்மா. நிறுத்திடுங்க. எவனாவது குடிச்சிட்டு ஏதாவது ஆச்சுன்னா கேஸு உங்க மேலதான் வரும். உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" என்றான்.

"நிறுத்திட்டா அவங்கல்லாம் எங்கடா போவாங்க?"

"டேங்கர் வரும். அவங்க பார்த்துப்பாங்க."

அவர்கள் எப்படியாவது பார்த்துக்கொள்வார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் என்ன செய்வேன் என்பதுதான் என் கேள்வி. பிள்ளையிடம் அதை எப்படிக் கேட்பது? பிள்ளைகளிடம் பயத்தைச் சொல்லலாம், நோயைச் சொல்லலாம். பேச ஆளில்லை என்று மட்டும் சொல்ல முடியவில்லை. சொன்னால் உடனே மல்லேஸ்வரத்துக்கு வா என்பான்.

மறுநாளே ஆபீசுக்குப் போனேன். தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், அக்கம்பக்கத்தாரின் சம்மதம் என்று பசவராஜு அடுக்கினார். விண்ணப்பத்தை நாகரத்னம்மாவின் மகள் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தாள். கையெழுத்தை நான் தமிழில் போட்டுவிட்டு, திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். "கையெழுத்து எந்தப் பாஷையில இருந்தா என்னம்மா, உங்களுது தானே" என்று முத்திரையைக் குத்தினார். இந்த ஊரில் எனக்குப் பிடித்த மனிதர்களில் அவரும் ஒருவர்.

5

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். ஊரில் இருக்கும் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

ஆடிப் பதினெட்டு வந்தது. ஆரணியில் அன்றைக்கு ஆற்றங்கரைக்குப் போவோம். தண்ணீர் இருந்தால் தண்ணீரில், இல்லாத வருடம் மணலில் ஊற்றுத் தோண்டி, மஞ்சள், குங்குமம், பூ, காதோலை கருகமணி எல்லாம் விடுவோம். இங்கே எனக்கு எந்த ஆறு? வந்த வருடத்திலிருந்து தண்ணீர் வைத்திருக்கும் பாத்திரத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன், போர் போட்ட பிறகு மோட்டாருக்குப் பூச் சுற்றினேன். போன வருடம், உரிமம் நல்லபடியாகக் கிடைக்க வேண்டுமே என்ற வேண்டுதலும் சேர்ந்துகொண்டதால், தாராளமாகவே செய்துவிட்டேன். சம்ப்பின் மூடியைத் திறந்து, அரைத்த மஞ்சளை ஒரு கிண்ணம் கரைத்து ஊற்றினேன். சாமந்தியை உதிர்த்துப் போட்டேன். கருகமணியையும் போட்டேன். தெருப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். நூருன்னிசாகூட, "நானும் போடலாமா அக்கா?" என்று கேட்டு ஒரு பூவைப் போட்டாள். நான் கிளறி வைத்திருந்த புளியோதரையையும் தேங்காய்ச் சாதத்தையும் போட்டுக்கொண்டு எல்லோரும் என் வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் லேப் ஆள் பாட்டிலோடு வந்து நின்றார்.

ரிப்போர்ட்டில் நிறம் சரியில்லை, கலங்கல், மிதக்கும் பொருள்கள், குடிக்கத் தகுதி இல்லை என்று வந்தது. பசவராஜு அதை இரண்டு தடவை படித்தார். "இத்தனை வருஷமா இதையா குடிக்கிறாங்க?" என்றார். நான் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"சம்ப்புக்குள்ள மஞ்சளா?" பக்கத்து மேஜைக்காரர் நாற்காலியோடு திரும்பினார். பசவராஜு சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். "எங்க ஊர்லயும் காவேரிக்குப் பூஜை உண்டும்மா, துலா மாசத்துல. ஆனா அது ஓடுற தண்ணி. நீங்க போட்டது எங்க ஓடும்?"

ஓடாத தண்ணீரை ஆறு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. சாமிக்குச் செய்ததே காரியத்தைக் கெடுத்தது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? அவருக்கு என் முகம் தெரிந்திருக்க வேண்டும். "சம்ப்பைக் காலி பண்ணிக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசுங்க. இன்னொரு தடவை அனுப்புறேன். அது வரைக்கும் சாமி கும்பிடாதீங்க" என்றார்.

6

சம்ப்பைக் கழுவிய நாளைப் போல ஒரு நாள் எனக்கு இந்த ஊரில் வாய்த்ததில்லை. கேட்டதும் தெருவே வந்தது. நாகரத்னம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். தேய்க்க ஒருத்தி, வாளியை வாங்க ஒருத்தி. அடியிலிருந்து, இந்த ஊரில் தாலியில் கோக்கிற கருகமணியை எடுத்து, "அக்கா, உங்க காவேரியம்மா தாலியைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டா பாருங்க" என்று அவள் உள்ளேயிருந்து கத்தியதும், வாளியோடு நின்றவர்கள் சிரித்துச் சிரித்து வாளியைக் கவிழ்த்தார்கள்.

இரண்டாவது ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. குழாயடியில் எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தேன். இனி இடத்தைப் பார்வையிடுவது ஒன்றுதான் பாக்கி.

பார்க்க வந்த இன்ஜினியர் சின்ன வயசுப் பையன், மரியாதையானவன். சம்ப்பைச் சுற்றி வந்தான். குழாயடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தான், மூடி மேலேயே குடங்களை வைத்த தடங்களைப் பார்த்தான். "அம்மா, தண்ணி நல்லா இருக்கு. ஆனா ஜனங்க சம்ப் மேலயே நிக்கிறாங்க. கால் சேறு, குடம் கழுவின தண்ணி எல்லாம் உள்ள இறங்கும். இந்த இடத்துல பொதுக் குழாய் வைக்க முடியாது" என்றான்.

"அப்புறம்?"

"தெருமுனையில காலி இடம் இருக்கில்ல, அங்க மேடை கட்டி ஒரு மூடின தொட்டி வெப்போம், நாலு குழாயோட. பஞ்சாயத்தே செலவு பண்ணும். உங்க வீட்டுலேர்ந்து பைப் போகும். நீங்க மோட்டாரை மட்டும் போட்டா போதும். யாரும் உங்க வீட்டுக்குள்ள வரத் தேவையே இல்ல."

எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அவன் அதைச் சொன்னான். சுற்றி நின்ற பெண்களுக்கு நாலு குழாய் என்றதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மலராமல் எப்படி இருக்கும்? ஒரே குழாயில் நின்று கால் கடுத்தவர்கள் அவர்கள். நான் மட்டும் கேட்டுக்குள் இருந்த பழைய குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சம்மதக் காகிதத்தை ஆபீசில் என் முன்னால் வைத்தார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் உரிமம். போடாவிட்டால் தெருவுக்கே தண்ணீர் கிடையாது. போடாமல் எழுந்து வந்துவிடலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். எனக்கு இல்லாதது ஒருத்தருக்கும் வேண்டாம் என்று வயிறு எரிந்தது. வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது, அவர்மேல்கூடக் கோபம் வந்தது. பிறகு தமிழிலேயே கையெழுத்துப் போட்டேன். பசவராஜு எழுந்து நின்று கை கூப்பினார். "தெருவே உங்க பேரைச் சொல்லும்மா" என்றார்.

7

தெரு என் பெயரைச் சொல்கிறதா என்று தெரியாது. எனக்குக் கேட்பதில்லை.

காலையில் எழுந்து மோட்டார் போடுகிறேன். நேரம் ஆனதும் நிறுத்துகிறேன். சொன்ன நாளில் தொட்டிக்கு பிளீச்சிங் பவுடர் போட ஆள் வருகிறான், நான் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன். காப்பியை உள்ளேயே குடித்துவிடுகிறேன். ஆரம்பத்தில் நாகரத்னம்மா குடத்தோடு போகும்போது கேட்டருகே நின்று பேசுவாள். அவளுக்கும் வேலை இருக்கிறது. மகள் வேலைக்குப் போகிறாள், பேரக்குழந்தை வந்துவிட்டது. கூப்பிட்டால் ஓடி வருவாள், ஆனால் எதற்கென்று கூப்பிடுவது?

பாஸ்கரிடம் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்கிறேன். "பார்த்தீங்களா, இப்ப எவ்வளவு நிம்மதி" என்கிறான். ஊரிலிருந்து தங்கை போனில், "உனுக்கு என்னாக்கா கொறச்சல், கவர்மெண்டே தேடி வந்து லைசென்ஸ் குடுத்துக்கீது" என்கிறாள். நிம்மதியாகத்தான் இருக்கிறது. நிம்மதி இவ்வளவு நீளமாக இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டது.

சில நாள் காலையில் மாடிக்குப் போனால் தெருமுனையில் நாலு குழாயைச் சுற்றி அவர்கள் நிற்பது தெரியும். யாரோ சிரிப்பார்கள். எதற்கென்று கேட்காது. போய்ப் பக்கத்தில் நிற்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சும்மா போய் எப்படி நிற்பது? குழாயடிக்குக் குடத்தோடு போகிறவளுக்குத்தான் அங்கே நிற்க இடம். எங்கள் தெருவில் அந்தக் குழாய்க்குப் போகத் தேவையே இல்லாத வீடு ஒன்று உண்டென்றால் அது என் வீடு.

8

இன்று காலை மோட்டாரைப் போட்டுவிட்டு, பரணிலிருந்த எவர்சில்வர் குடத்தை எடுத்துக் கழுவினேன். குடும்பங்களை எண்ண வேண்டுமே, ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எண்ணுவதற்குக் குடம் எதற்கு என்று நல்லவேளையாக வீட்டில் கேட்க யாருமில்லை.

தெருமுனையில் கூட்டம் நான் நினைத்ததைவிட அதிகம். லேஅவுட்டில் புது வீடுகள் வந்துவிட்டன. பாதி முகங்கள் எனக்குப் புதிது. யார் எந்த வீடு என்று பார்ப்பதற்காக முன்னால் போனேன். முன்னால் நின்ற ஒரு பெண், சேலம் பக்கத்துப் பேச்சு, இடுப்பில் பிளாஸ்டிக் குடம், வெடுக்கென்று திரும்பினாள்.

"ஆன்ட்டி, எங்க நேரா வந்து பூர்றீங்க? நாங்கெல்லாம் நிக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா? பின்னால போய் லைன்ல நில்லுங்க."

நாகரத்னம்மா இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்தாள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏய், இவங்க யாருன்னு தெரியுமாடி உனக்கு? இந்தத் தண்ணியே..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், என் இடுப்பிலிருந்த குடத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க அக்கா. லைன்னா லைன்தான்" என்றாள்.

போய்க் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பி, "புதுசா வந்திருக்கீங்களா ஆன்ட்டி? எந்த வீடு?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, புதுசுதான்" என்றேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "உன் பேரு என்ன?" என்று கேட்டேன்.